பி2-க்குக் காவல் யார்?

மயிலாப்பூர், சென்னை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 2013 நவம்பர் 21 அன்று நம் ஊரில் நடந்த உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் ஆனந்த் (வெள்ளை)–கார்ல்சன் (கறுப்பு) 9-ஆம் ஆட்டத்தைப் பற்றி நீயும் ஊரைப் போலவே, "28-ல குதிரைய எஃப்1-ல வெச்சாரு, போச்சு" என்கிறாய். 28-ஆவது நகர்வைச் சொல்கிறாய், சரிதான். (எஃப்1 போன்ற கட்டப் பெயர்களில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை.) குதிரை ஜி3-ஐ விட்டதும் ஈ1–ஹெச்4 மூலைக்கோடு திறந்துகொண்டது. கறுப்புச் சிப்பாய் பி1-ஐ எட்டி மாறிய புது ராணி ஈ1-க்கு வந்து ஹெச்4-ஐப் பிடித்துக்கொண்டது. வெள்ளை யானை அங்கே வந்தால் வெட்டு. பிஷப்பை எஃப்1-ல் வைத்திருந்தால் குதிரை மறித்து நின்றிருக்கும். ஆனாலும் கறுப்பு, ராணியை டி1 வழியாக ஹெச்5-க்குக் கொண்டுபோய்ப் பலிகொடுத்துத் தப்பியிருக்கும். கையிலிருந்த வெற்றி நழுவியது என்பதெல்லாம் மிகை.

அந்தச் சிப்பாய் எப்படி பி1 வரை நடந்தது என்று பார். பி2-க்குக் காவல் இரண்டு பேர்: சி1 பிஷப், ஏ2 யானை. பிஷப்பை 16-ல் பி3 குதிரை வெட்டியது. யானை 21-ல் ஏ6-ல் மாற்றிக்கொள்ளப்பட்டது. 27-ல் இன்னொரு யானையும் எஃப்4-க்குப் போனதும் முதல் வரிசை காலி. ராணி பிறக்கும்போதே செக்!

விதை திறப்பிலேயே இருக்கிறது. நிம்ஸோ-இந்தியன் என்ற திறப்பு, 4-ல் வெள்ளை சிப்பாயை எஃப்3-க்குத் தள்ளியது. 7-ல் டி5-ஐக் குதிரையால் திருப்பி வெட்டுவதுதான் வழக்கம். கார்ல்சன் ஈ-சிப்பாயால் வெட்டி, 8-ல் சி4 தள்ளினார். நடு இறுகிவிட்டது. வெள்ளைக்கு ஈ4, பிறகு ராஜா பக்கத் தாக்குதல். கறுப்புக்கு பி3-ல் குதிரை, பிறகு ஏ, பி சிப்பாய்கள். யார் முந்துவது என்ற பந்தயம். இந்தத் திறப்பை ஆட்டங்களின் டேட்டாபேஸில் தேடும்போது நகர்வு வரிசையை வைத்துத் தேடாதே. 4-ல் ஏ3 ஆடியும் இதே நிலைக்கு வரலாம், அந்த ஆட்டங்கள் விட்டுப்போகும். நிலையை வைத்துத் தேடு.

என்ஜினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலை, முதலில் திறக்காதே. எண்ணைக் காட்டும், காரணம் சொல்லாது. மரப்பலகையில் காயை வை, மீதி நகர்வுகளைக் காகிதத்தால் மூடு. 8, 16, 20 மூன்று இடத்திலும் கால் மணி நேரம் உட்கார்ந்து உன் நகர்வை எழுதிவிட்டுத் திற.

20-ல் நீ வெள்ளையாக இருந்தால் பி4-ல் வெட்டுவாயா, உடனே எஃப்5 தள்ளுவாயா? காரணத்தோடு எழுது.

அன்புடன்,
உன் பழைய எதிராளி