சுவரை வரையும் முன்: கணினி ஆலை வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி அசெம்பிளி ஆலைகளைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். கணினி ஆலை ஒன்றின் ஸ்டோரில் பல வருடம் மெட்டீரியல் பிளானிங் பார்த்தவன் எழுதுகிறேன். கன்வேயர் எந்தப் பக்கம் ஓடும், எத்தனை பேர் உட்காருவார்கள், கேன்டீன் எங்கே என்றெல்லாம் முடிவான பிறகுதான் எங்களைக் கூப்பிடுவீர்கள். "ஸ்டோருக்கு இந்த இடம் போதுமா?" போதாது என்று சொல்லி என்ன பயன்? அதற்குள் தூண் எழும்பியிருக்கும்.

பாகங்களைச் சேர்த்துக் கணினியைப் பூட்டுவது பெரிய வித்தை இல்லை. கை பழகியவருக்கு ஒரு டெஸ்க்டாப்புக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் நாற்பது பொருளும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பொருளும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை இருப்பில் இருக்கும் என்றே வையுங்கள். நாற்பதும் ஒருசேர இருக்கும் வாய்ப்பு 67 சதவீதம்தான். மூன்றில் ஒரு கணினி ஏதோ ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கும்.

எங்கள் லைன் ஒருமுறை ஒன்றரை நாள் நின்றது. தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மதர்போர்டில் பிடித்து நிறுத்தும் குட்டித் திருகு தீர்ந்துபோயிருந்தது. எஸ்எஸ்டியை லாக்கரில் பூட்டி வைத்து தினமும் எண்ணினோம். திருகை யாரும் எண்ணவில்லை. ஸ்டோர் கணக்கு வைக்கும் கணினியில் மட்டும் பதினோராயிரம் இருப்பதாகக் காட்டியது. கீழே சிந்தியது, கூட்டிப் பெருக்கியது எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. அதற்கப்புறம் இரண்டு டப்பா வைத்தோம். ஒன்று காலியானால் அந்தக் காலி டப்பாவே ஆர்டர்; அது நிரம்பி வரும்வரை இரண்டாவதில் வேலை ஓடும். டொயோட்டா கார் ஆலைகளின் கான்பன் முறை அடிப்படையில் இதேதான். விலை கூடிய பிராசஸருக்கும் ராமுக்கும் தினசரிக் கணக்கு, திருகுக்கு டப்பா, இடத்தை அடைக்கும் கேபினெட்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும் அன்றன்றைக்கு லாரி என்று முதலிலேயே பிரித்துவிட்டால், ஸ்டோர் எத்தனை சதுர அடி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அதற்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரின் ஆர்டர் உங்கள் ஆலைக்குள் எந்த இடத்தில் நுழைகிறது? நான்கு பிராசஸர், நான்கு ராம் அளவு, மூன்று எஸ்எஸ்டி, ஐந்து மொழிக் கீபோர்டு. பெருக்கினால் 240 வகை. இத்தனையையும் முன்கூட்டியே செய்து அடுக்கினால், விற்காத வகை குவிந்து கிடக்கும், கேட்ட வகை இருக்காது. எச்பி நிறுவனம் டெஸ்க்ஜெட் பிரிண்டரில் இதை அனுபவித்தது. நாட்டுக்கு நாடு மின் இணைப்பும் கையேடும் வேறு. 1990களின் தொடக்கத்தில் பொதுவான பிரிண்டராக அனுப்பி, விநியோகக் கிடங்கில் அந்தந்த நாட்டுக்கானதைச் சேர்க்கும்படி வடிவத்தையே மாற்றினார்கள். மொத்தச் செலவு குறைந்தது. உங்களுக்கும் இது பொருந்தும். கேபினெட், போர்டு, பவர் சப்ளை வரை பொதுவாகப் பூட்டி நிறுத்துங்கள். மீதியை ஆர்டர் வந்தபின் போடலாம். நான்கு மாடலுக்கு நான்கு வகை பவர் சப்ளை, வகைக்கு நூறு அவசர இருப்பு என்றால் நானூறு. நான்குக்கும் ஒரே வகை என்று ஆக்கிவிட்டால், நான்கின் தேவையும் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும்வரை, சுமார் இருநூறு போதும். மீதி இருநூறுக்கு இரண்டாவது ரேக் கட்டவே வேண்டாம்.

டெல் நிறுவனம் ஆர்டர் வந்தபின் பூட்டியே பெயர் வாங்கியது. 2000 வாக்கில் அதன் கையிருப்பு ஒரு வாரத்துக்கும் குறைவு என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். பாகம் கொடுத்தவர்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே கிடங்கு வைத்து, தங்கள் செலவில் சரக்கை வைத்திருந்ததைச் சேர்த்துச் சொல்பவர் குறைவு. பாரத்தை இறக்கிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்த கதை அது. உங்களுக்கு அந்தத் திண்ணை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பிறகு அந்த முறையைப் பின்பற்றுங்கள்.

டெஸ்டிங் அறையை மட்டும் உத்தேசமாக வரையாதீர்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இதற்குப் போதும்: உள்ளே இருக்கும் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கியது. இரண்டு ஷிப்டில், 16 மணி நேரத்தில், 600 கணினி என்றால் மணிக்கு 37.5. ஒவ்வொன்றையும் நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் 150 இடம் வேண்டும். பத்தில் ஒன்று திரும்பி வந்தால் 165. எங்கள் ஆலையில் எண்பதுதான் இருந்தது. பூட்டிய கணினிகள் நடைபாதையில் அடுக்கடுக்காய் நின்றன. தள்ளுவண்டி போக வழியில்லை. நிர்வாகம் லைனில் இன்னும் ஆள் போட்டது! நடைபாதையில் அடுக்கு உயர்ந்ததுதான் மிச்சம்.

சரக்கு இறங்கும் வாசலும் ஏறும் வாசலும் ஒரே பக்கம் வேண்டாம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. மதியம் கேபினெட் லாரி நின்றால், மாலை அனுப்ப வேண்டிய சரக்கு அதன் பின்னால் காத்திருக்கும். அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் லைனுக்குள் வரவே கூடாது. அவற்றைப் பிரிக்கத் தனி அறை ஒதுக்குங்கள். தெர்மாகோல் உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். அது சுமார் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நம் விரலுக்கு உறைக்கும். சில சில்லுகள் நூறு வோல்ட்டுக்கும் கீழேயே பழுதாகிவிடும். அந்தக் கணினி டெஸ்டிங்கில் பாஸாகிப் போய், மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்.

"எல்லாப் பாகத்துக்கும் இரண்டு சப்ளையர் இருக்கிறார்கள்" என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறீர்கள். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில், ஹார்டு டிஸ்க் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை மூழ்கியது. அதன் போட்டி நிறுவனமான சீகேட்டின் ஆலைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் அதற்குப் பாகம் கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்டதால் அதுவும் தவித்தது, உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. உங்கள் இரண்டு சப்ளையரும் யாரிடம் வாங்குகிறார்கள் என்று ஒரு படி கீழே போய் விசாரியுங்கள். தட்டுப்பாடு வரும்போது பயத்தில் இரண்டு மடங்கு ஆர்டர் போடுவதும் நம் வழக்கம். கைப்பிடியில் சின்ன அசைவு, சாட்டை நுனியில் பெரிய வீச்சு. ஆறு மாதம் கழித்து அந்தச் சரக்கு மொத்தமும் விலை சரிந்தபின் வந்து இறங்கும். நம் உண்மையான விற்பனைக் கணக்கை வாரம்தோறும் சப்ளையருக்குக் காட்டினாலே இதில் பாதி அடங்கிவிடும்.

அடுத்த ஆலைக்கு முதல் கூட்டம் போடும் நாளில் ஸ்டோர்காரர் ஒருவரையும் லாரி டிரைவர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நீளமான கண்டெய்னர் வண்டி பின்வாங்கித் திரும்ப எத்தனை அடி வேண்டும் என்று எங்கள் ஆலையில் யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அங்கே வண்டியைச் சாலையிலேயே நிறுத்தி, தள்ளுவண்டியில்தான் சரக்கு இறக்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஸ்டோர்காரன்