மங்கைக்கு ஒரு கத்திரி வெயில் கடிதம்

வேலூர்,
மே 11

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நன்றாக இருக்கிறார். கட்டை அவிழ்த்ததும் காலண்டரைக் கையில் வாங்கி, கத்திரி என்றைக்கு முடிகிறது என்றுதான் முதலில் தேடினார்.

மதுரைக் கிளைக்கு நீ மேலாளராகிவிட்டாய் என்று படித்தபோது எனக்கே பதவி கிடைத்ததுபோல இருந்தது. தலைமை அலுவலகம் இரண்டு ஏசி தருகிறது, எங்கே மாட்டலாம் என்று கேட்டிருந்தாய். மாட்டுவதற்கு முன்னால் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒவ்வொருவர் நாற்காலியிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார். உன் அறையிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே அலுவலகத்தில் இருப்பதாகத்தான் தெரியும். எங்கள் மாடியில் மேற்கு ஜன்னலை ஒட்டிய மேசையில் வெப்பமானி 38 காட்டியது. அதே நேரத்தில் ஏசிக்கு நேர் கீழே 22. ஒருத்தி முழங்கைக்கடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டுதான் பேரேட்டில் எழுதுவாள், இல்லையென்றால் தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். பத்தடி தள்ளி இன்னொருத்தி சால்வை போர்த்தியிருப்பாள்.

எங்களுடையது மேல்தளம். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் மாலையில்தான் சூட்டைக் கீழே இறக்கும். மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, வியர்வையைக் காய வைக்கிறது, அவ்வளவுதான். தளம் கொதிக்கும்போது அந்த அனலையே அது தலையில் கொட்டும். அதனால் இந்த ஆண்டு மார்ச்சிலேயே மொட்டை மாடிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்க வைத்தேன். மேற்கு ஜன்னல்களுக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி கட்டினோம். உள்ளே திரை போட்டுப் பயனில்லை மங்கை. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் சூடு உள்ளே வந்துவிட்டது என்றுதான் பொருள். இப்போது அந்த மேசையில் மூன்று டிகிரி குறைந்திருக்கிறது. இதைச் செய்த பிறகுதான் ஏசிக்கு வேலை கொடுக்க வேண்டும்.

ஏசியை 18-இல் வைக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதே. 2020 முதல் புது ஏசிகள் 24-இல்தான் தொடங்கும்படி விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய மின்துறை சொல்கிறது. 26-இல் வைத்து மின்விசிறியையும் மெல்ல ஓட விட்டால் எங்கள் ஆட்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஜப்பானில் 2005-இல் அரசே கோடையில் அலுவலகங்களை 28-இல் வைக்கச் சொல்லி, கழுத்துப்பட்டையும் கோட்டும் வேண்டாம் என்றது. உன் அலுவலகத்தில் ஆண்கள் இன்னும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டுதான் வர வேண்டுமா? அதை ஒரு சுற்றறிக்கையில் மாற்றிவிடலாம், காசே ஆகாது.

ஆனால் நான் உனக்கு எழுத வந்தது வேறு. சில ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் அலுவலகத்தில் இருந்தேன் அல்லவா, அங்கே கத்திரி தொடங்கிய அன்று வாசலில் பெரிய மண்பானை வைத்தார்கள். வெட்டிவேர் போட்டு, ஈரத் துணி சுற்றி, பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும். ஆண்கள் போகும்போதும் வரும்போதும் மொண்டு குடித்தார்கள். பெண்கள் பதினோரு பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. சளி பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள் என்றார் மேலாளர். உண்மை என்ன தெரியுமா? பெண்கள் கழிப்பறை கீழ்த்தளத்தில், பூட்டில் இருந்தது. சாவி மேலாளர் அறை ஆணியில் தொங்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே போய், அங்கே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்கள் முன்னால் அதை எடுத்து வர வேண்டும். மதியத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீரும் வராது. அதனால் காலையில் வீட்டில் ஒரு டம்ளர், அதற்குப் பிறகு மாலை வீட்டுக்குப் போய்த்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். சிறுநீர்த் தொற்று வந்து, நடுங்கும் காய்ச்சலோடு நான்கு நாள் படுத்திருந்தபோது டாக்டரம்மா முதலில் கேட்டதே, "ஆபீஸில் தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்றுதான். அந்த வாரம் வெட்கத்தை விட்டுச் சாவியைப் பற்றிக் கேட்டேன். மறுநாளே பூட்டை எடுத்துவிட்டார்கள். ஒருவரும் கேட்காததால் யாருக்கும் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வாசல் காவலரையும் மறந்துவிடாதே. எங்கள் காவலர் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஏசிக்கான கணக்கில் அவர் பெயரே இல்லை. இப்போது வேப்பமர நிழலுக்கு நாற்காலியை மாற்றி, ஒரு மின்விசிறிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறோம். பிற்பகலில் வசூலுக்கு வெளியே போகிறவர்களைக் காலை பத்தரைக்குள் முடிக்கச் சொல்லி, மதிய நேரத்தில் உள்வேலை கொடுத்தால் வேலை எதுவும் நின்றுபோகாது. செலவுக்குத் தலைமை அலுவலகம் முகம் சுளித்தால், 2024-இல் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததைச் சொல். இது சொகுசு கேட்பதல்ல.

அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். சின்னவளுக்குக் கல்லூரி முடிவாகிவிட்டதா? ஆடியில் மதுரைக்கு வர வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார், மீனாட்சியைப் பார்த்து நாளாயிற்றாம்.

ஏசி விஷயம் ஒரு வாரம் பொறுக்கும். உன் அலுவலகத்துக் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது, மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நாளைக்கே பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சாந்தி