ஒன்பதாம் நம்பர் ரோபோ

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அலைந்ததில் உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று தானே வாசித்துச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்ததைச் சொன்னதும், "இனிமேலாவது வீட்டுப் பக்கம் வரச் சொல்லு" என்றார்.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து பழைய பாணியில் ஒரு ரோபோ கேம் செய்கிறார்கள், இணையத்தில் ஊரார் உலகத்தாரிடம் பணம் திரட்டப் போகிறார்கள், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டிருந்தாய். நடக்கிற காரியம்தான். ஆனால் கிளம்புவதற்கு முன் அவனுக்கு 'மைட்டி நம்பர் 9' என்ற கேமின் கதையைச் சொல்லிவிடு. நீயே சொல். அந்த நீலப் பையனோடு நீயும் நானும் பழகியிருக்கிறோம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த டிவி கேம் கடையை மறந்திருக்க மாட்டாய். அரை மணிக்கு மூன்று ரூபாய். கேசட்டை வாயில் வைத்து ஊதி ஊதிச் சொருகினால் நீல நிறத்தில் ஒரு பொடியன் வருவான், ஒரு கையே துப்பாக்கி. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஜப்பானில் அவன் ராக்மேன், மேற்கு நாடுகளில் மெகாமேன். ஒசாகாவில் இருக்கும் கேப்காம் நிறுவனம் 1987 டிசம்பரில் வெளியிட்டது. எதிரிகளாக ஆறு ரோபோக்கள். ஒருவனை வென்றால் அவன் ஆயுதம் நம் கைக்கு வரும், அது இன்னொருவனுக்கு எமன். தலையில் கத்தரிக்கோல் வைத்த கட்மேனை வெல்ல முடியாமல் நான் எத்தனை முறை காசைத் தொலைத்தேன்! முதலில் கட்ஸ்மேனை வென்று அவன் ஆயுதத்தை வாங்கிக்கொள், அப்புறம் கட்மேன் அறையிலேயே கிடக்கும் பாறையைத் தூக்கி வீசிப் பார் என்று சொன்னவன் நீ. இரண்டே பாறை, ஆள் காலி. கல், காகிதம், கத்தரி விளையாட்டில் கத்தரியைக் கல் நசுக்குமே, அதே கணக்குதான் உள்ளே ஓடுகிறது என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தக் குதிப்பையும் நினைத்துப் பார். பொத்தானை அழுத்திப் பிடித்தால் உயரம், சட்டென்று விட்டால் குட்டிக் குதிப்பு. விரல் விட்ட கணமே அவன் இறங்குவான். பள்ளத்தில் விழுந்து செத்தால் தப்பு நம்முடையது என்று நமக்கே தெரியும், அதனால்தான் மறுபடி மூன்று ரூபாய் கொடுத்தோம்.

அந்த கேமுக்குப் படம் வரைய, வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே போனவர் கெய்ஜி இனஃபுனே. நீலப் பையனின் முதல் வடிவம் அகிரா கிடமுராவுடையது. அதைத் திருத்தி மெருகேற்றி வரைந்தவர் இனஃபுனே. பிற்பாடு ராக்மேன் என்றாலே அவர் முகம்தான் என்றாகிவிட்டது. 2010 கடைசியில் அவர் கேப்காமை விட்டு விலகினார். 2011-இல், பாதியில் இருந்த 'மெகாமேன் லெஜண்ட்ஸ் 3' கைவிடப்பட்டது. ரசிகர்கள் ஏங்கிப்போய்க் கிடந்த அந்த நேரத்தில், 2013 ஆகஸ்ட் 31 அன்று, தன் காம்செப்ட் நிறுவனத்தின் பெயரில் 'மைட்டி நம்பர் 9' செய்யப் பணம் கேட்டு, இணையத்தில் ஊராரிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் வந்து நின்றார். கேட்டது 9 லட்சம் டாலர். அது இரண்டே நாளில் சேர்ந்துவிட்டது. ஒரு மாதத்தில் 67,226 பேர் கொடுத்தது 38 லட்சம் டாலருக்கு மேல்.

அந்த எண்ணிக்கையை யோசித்துப் பார், மாப்ளே. பார்க்காத கேமுக்கு அத்தனை பேர் பணம் கட்டினார்கள். அந்த இணையப் பக்கத்தில் இருந்தது சில ஓவியங்களும் ஒரு பெயரும்தான். ஒவ்வொருவர் மனசிலும் நம்முடையதைப் போல ஒரு கடை இருந்திருக்கும்.

பணம் கூடக் கூட வாக்குறுதியும் கூடியது. இவ்வளவு சேர்ந்தால் இந்தக் கருவியிலும் வரும், இன்னும் சேர்ந்தால் அதிலும் வரும் என்று ஏறி ஏறிக் கடைசியில் பத்து வகைக் கருவிகள். 2015 ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பருக்குப் போனது, பிறகு 2016 பிப்ரவரிக்கு, ஒருவழியாக 2016 ஜூனில் வெளியானது. கடைசித் தாமதத்துக்குக் காரணம் சொல்லி இனஃபுனே எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, இத்தனை கருவிகளுக்குச் சேர்த்துச் செய்வது. இன்னொன்று, அவர்கள் எடுத்துக்கொண்ட கேம் எஞ்சினை, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பிப்பதை அதைச் செய்தவர்களே நிறுத்திவிட்டதால், பிழைகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. கையடக்கக் கருவிகளான 3டிஎஸ்ஸுக்கும் வீட்டாவுக்கும் சொன்ன பதிப்புகள் கடைசிவரை வரவேயில்லை.

விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள். நான் போன மாதம்தான் முழுதாக விளையாடி முடித்தேன். எனக்கு அந்த கேம் மேல் கோபம் வரவில்லை, வருத்தம்தான். அதற்குள் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. நாயகன் பெக் எதிரியைச் சுடச் சுட அது தள்ளாடும், உடம்பு நிறம் மாறும். அந்த நொடியில் பாய்ந்து ஊடுருவினால் எதிரியின் சக்தி அவனுக்குள் வந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் பாய்கிறோமோ அவ்வளவு சதவீதம். நூறு விழுந்தால், அடுத்தடுத்துப் பாய்ந்துகொண்டே போகலாம் போல விரல் துடிக்கும்.

கதையும் எனக்குப் பிடித்தது. எட்டு அண்ணன்மார் வைரஸ் தொற்றிப் பித்துப் பிடித்துத் திரிகிறார்கள், ஒன்பதாவதாகப் பிறந்தவன் மட்டும் தப்பிக்கிறான். அவன் அவர்களைக் கொல்வதில்லை. உடம்பில் கெட்டுப்போனதை உறிஞ்சி எடுத்துவிடுகிறான், அவர்களுக்குப் புத்தி தெளிகிறது. அடுத்த லெவலில் அவர்களே வந்து தம்பிக்குக் கை கொடுக்கிறார்கள். ராக்மேனில் இப்படி இல்லை. ஆனால் இவ்வளவு நல்லதைச் சுற்றி மொழுமொழுவென்று உயிரில்லாத பின்னணி, ஆரம்ப ஓவியங்களில் இருந்த களையே இல்லை. இந்த கேமைச் செய்யக் கைகொடுத்த இன்டி கிரியேட்ஸ் நிறுவனத்தார் 2008-இல் 'மெகாமேன் 9'ஐ அச்சு அசல் பழைய புள்ளிப் படத்திலேயே செய்துகாட்டியவர்கள். திறமைக்குக் குறைவில்லை. பத்துத் திசைக்கும் பந்தி விரித்ததில் சோறு ஆறிப்போனது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதையும் சொல். அதே 2013-இல், சில மாதம் முந்தி, 'ஷவல் நைட்' என்று மண்வெட்டி வீரன் ஒருவனை வைத்து ஒரு சின்னக் குழு கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தது. கேட்டது 75,000 டாலர், கிடைத்தது 3 லட்சத்துச் சொச்சம். முதல் ராக்மேனுக்கு இசையமைத்த மனாமி மட்சுமாயே மைட்டி நம்பர் 9-க்கும் இசை தந்தார், இவர்களுக்கும் தந்தார். இந்தச் சின்னக் குழுவினர் கைக்காசு தீர்ந்து சில மாதம் சம்பளமில்லாமல்கூட வேலை செய்திருக்கிறார்கள். 2014 ஜூனில் கேம் வந்தது. பழைய டிவி கேம் பெட்டியின் நிறங்களை ஒட்டியே வரைந்தார்கள், ஆனால் திரையில் ஆள் கூடினால் உருவங்கள் மினுங்கி மறையுமே, அந்தத் தொல்லையை மட்டும் விட்டுவிட்டார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரிந்திருந்தது. அவர்களும் அதிகமாகத்தான் வாக்குக் கொடுத்தார்கள். எதிரி வீரர்களை நாயகர்களாக்கித் தனித்தனிக் கதை தருவோம் என்றார்கள், அதைத் தந்து முடிக்க 2019 டிசம்பர் ஆகிவிட்டது. ஆனால் காசு கொடுத்தவர்களிடம் மேலே ஒரு பைசா வாங்காமல் தந்தார்கள்.

உன் பையன் எத்தனை கருவிக்குச் செய்யப் போகிறான் என்று முதலில் கேள். 'கணினிக்கு மட்டும்' என்று சொன்னால் என் பங்காக ஐயாயிரம் ரூபாய் இன்றே எடுத்துவைக்கிறேன். அப்புறம், ஓவியமும் கதைச் சுருக்கமும் எனக்கு வேண்டாம். ரோபோ ஒன்று, பள்ளம் ஒன்று, தாண்ட வேண்டிய மேடை ஒன்று இருந்தால் போதும். அதை அனுப்பச் சொல். குதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்துவிடு. கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை. ஆனால் அந்தப் படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது, முறை வரும்வரை நாம் உட்கார்ந்திருந்த மூன்றாவது படியும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே