சேர்வராயன் அடிவாரத்துக்கும் ஒரு தனிப் பத்தி வேண்டும்

வானிலை முன்னறிவிப்பு தயாரிக்கும் அதிகாரிகளுக்கும், அதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

இந்தப் புரட்டாசியில் கடற்கரை மாவட்டங்கள் வெயிலில் வெந்த நாட்களில் நீங்கள் வெளியிட்ட அறிக்கைகள் உங்களிடமே இருக்கும். சென்னைக்கும் புறநகருக்கும் அதில் ஒரு தனிப் பத்தி. மீனவர்களுக்கு ஒரு தனிப் பத்தி. கடலோரத்தில் வெப்பநிலை இயல்பைவிட எத்தனை டிகிரி கூடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். எங்களுக்கு மட்டும் ஒரே வரி: உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. தினமும் அதே வரிதான்.

நான் சேலம் – ஆத்தூர் சாலைப் பக்கம், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் ஒரு சின்ன சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துகிறேன். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, மாவெடுத்து, மணியாக உருட்டி, வறுத்து, கடைசியில் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்போம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி வெயிலை நம்பித்தான் மூட்டைக்குள் போகிறது. முக்கால்வாசி காய்ந்த சரக்கில் மழை விழுந்தால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மறுநாள் காயவைத்தாலும் நிறம் மங்கும், புளித்த வாடை ஏறும். ஏலத்தில் முதலில் பார்ப்பதே நிறத்தைத்தான்.

அன்று காலை மேகமே இல்லை. தொலைக்காட்சி முழுக்கச் சென்னை வெயில். அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு நல்ல காய்ச்சல் கிடைக்கும் என்று களம் நிறையப் பரப்பினோம். மதியம் காற்று சட்டென்று நின்றது. பலகை தள்ளிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, மலை மறைஞ்சிருச்சுங்க" என்றார். சேர்வராயன் கண்ணுக்குத் தெரியாமல் போனால் எங்களுக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். எல்லோரும் வார ஆரம்பித்தார்கள். பாதி சரக்குக்குத் தார்ப்பாய் போட்டோம். அதற்குள் தலைக்கு மேலே முதல் இடி.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். சேகோ களம் என்றால் திறந்தவெளி. பக்கத்தில் மரம் கிடையாது, கூரை கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் பலகையோடு, வெட்டவெளியில் பெண்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணெதிரே மின்னல் இறங்குகிறது. சரக்கை வாருங்கள் என்று நான் கத்துவதா, எல்லாவற்றையும் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்று கத்துவதா? உள்ளே வாருங்கள் என்றுதான் கத்தினேன். அவர்கள் வரவில்லை. சரக்கு போனால் நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்ற பயம் அவர்களுக்கு. கடைசியில் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாய்க்காலில் வெள்ளையாக ஓடிய தண்ணீரைக்கூட என்னால் மறந்துவிட முடியும். அந்தப் பெண்கள் அந்த மின்னலுக்குக் கீழே நின்றதை மறக்க முடியவில்லை.

மாவட்டப் பெயர்களை வரிசையாக அடுக்கிய "அடுத்த மூன்று மணி நேரத்தில்" எச்சரிக்கை அதற்கப்புறம்தான் கைப்பேசிக்கு வந்தது. வரிசையில் சேலமும் இருந்தது. அப்போது களத்தில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

என் கோரிக்கை ஒன்றுதான். ஏற்காடு மலைக்கும் சேலம் சமவெளிக்கும் தனித்தனியாக, வட்டாரம் வாரியாக, எந்த நேரத்தில் இடிமழைக்கு வாய்ப்பு என்று மதியத்துக்கு முன்பே தமிழில் சொல்லுங்கள்.

இடிமேகம் எந்த ஊரில் கொட்டும் என்று காலையிலேயே விரல் வைத்துக் காட்ட யாராலும் முடியாது. அது எனக்கும் தெரியும். அதை நான் கேட்கவில்லை. ஆனால் கடலோர வெயிலும் எங்கள் ஊர் இடிமழையும் ஒரே வானத்தின் வேலை என்பது உங்களுக்குத் தெரியாததா? மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாகிறது, சென்னை தகிக்கிறது. அதே நாட்களில் உள்நாட்டுத் தரை சூடேறி, மதியத்துக்கு மேல் மலையை ஒட்டி மேகம் கட்டுகிறது. அப்படிக் கட்டிய மேகம் கிழக்கே நகர்ந்துபோய்த்தான் பல நாள் இரவில் கடலோரத்துக்கு மழை கொடுக்கிறது. சேலத்துக்கு நல்ல மழை தரும் மாதங்களில் செப்டம்பரும் அக்டோபரும் உண்டு. அப்படியிருக்க, கடற்கரைக்கு வெயில் எச்சரிக்கை எழுதும் அன்றைக்கே, "சேலம், ஏற்காடு: பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம், திறந்தவெளி வேலைகளை முன்கூட்டியே முடிக்கவும்" என்று ஒரு வரி சேர்க்க என்ன தடை?

சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே முன்னறிவிப்பு எப்படிச் சரியாக இருக்கும்? மேலே பெய்தால் ஏற்காடு மலைப்பாதையில் போகிறவர்கள் திண்டாடுகிறார்கள். அந்தத் தண்ணீர் திருமணிமுத்தாற்றில் இறங்கினால் நகரத்துக்குள் தாழ்வான தெருக்கள் திண்டாடுகின்றன. 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். அத்தனை தூரம் தள்ளியிருக்கும் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடலில் பிறந்த புயலே இங்கே வந்து அடிக்கும்போது, மலையிலேயே பிறக்கிற இடிமழையைப் பற்றிச் சொல்ல ஒரு பத்திகூடவா கிடையாது?

மழைமேகத்தைக் கண்டறியும் சென்னை ரேடாரிலிருந்து சேலம் நேர்கோட்டில் 250 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் வளைவால் அதன் கதிர் இங்கே வந்து சேர்வதற்குள் பல கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். கீழே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஏற்காட்டில் ரேடார் அமைப்பதாக அரசு அறிவித்ததே இந்தக் குறையை ஒப்புக்கொண்டதுதானே? ரேடார் மட்டும் போதாது. அது பார்ப்பதை உரிய நேரத்தில் எங்களிடம் சொல்ல ஆள் வேண்டும். கீழ்மட்டத்தில் சொல்வதற்கென்று நாடு முழுக்க இருந்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளையும் 2024-ல் மூடிவிட்டார்கள். மின்னலை எச்சரிக்க தாமினி, விவசாயிகளுக்கு வானிலை சொல்ல மேகதூத் என்று செயலிகள் இருக்கின்றன, நல்லதுதான். களத்தில் பலகை தள்ளுகிற அக்காவின் கையில் பட்டன் போன் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவருக்கும், காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி கட்டுகிறவருக்கும் அதே நிலைமைதான். தலைநகரத்தில் வியர்த்தால் செய்தி, மலையடிவாரத்தில் இடி விழுந்தால் நிவாரணத் தொகை. எத்தனை வருடத்துக்கு இப்படியே ஓட்டப்போகிறோம்?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் இரவு பகலாக வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அந்த உழைப்பு எங்கள் களம்வரை வந்து சேர வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். மலைக்குத் தனி, சமவெளிக்குத் தனி; வட்டாரமும் நேரமும் சேர்த்து; மதியத்துக்கு முன்; தமிழில். பட்டன் போனிலும் படிக்கிற மாதிரி குறுஞ்செய்தியாகவோ, ஊராட்சி ஒலிபெருக்கியிலோ வந்தால் போதும். பத்து நாளில் நான்கு நாள் பொய்த்தாலும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். தார்ப்பாயை எடுத்து வைத்துவிட்டு மழை வராமல் போனால் எங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். புதுக் கிழங்கு வரத்தும் கூடும், களங்கள் நிறையும். அதற்குள் தொடங்குங்கள். மாவட்ட நிர்வாகம் சேகோ ஆலைக்காரர்களையும் ஏற்காடு தோட்டக்காரர்களையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசினால், எந்த ஊருக்கு எந்த நேரத்தில் தகவல் வேண்டும் என்பதை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சேகோ ஆலைக்காரன்