கதாசிரியர்கள் கோப்புகளைக் கவனிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் அரசியல் மர்மக் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். தேர்தலில் ஜெயித்து வந்த புதுத் தலைவர், அவரை ஆட்டுவிக்கும் முகம் தெரியாத நாலு பேர், நள்ளிரவு பங்களா, சிகரெட் புகை. எல்லாம் சரி. ஆனால் அந்த நாலு பேர் எப்போதும் மிரட்டித்தான் காரியம் சாதிக்கிறார்கள். ஒரு பழைய புகைப்படமோ கடத்தப்பட்ட மகளோ இல்லாமல் கதை நகர்வதில்லை. இது கதாசிரியர்களின் சோம்பல் என்பது என் எண்ணம்.

1961-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு நடந்ததைப் பாருங்கள். கியூபா மீது படையெடுக்கும் திட்டம் அவருடையது அல்ல. அவருக்கு முந்தைய ஜனாதிபதி ஐசனாவர் காலத்திலேயே அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அதைத் தொடங்கிவிட்டது. கென்னடி பதவியேற்றபோது குவாத்தமாலாவில் கியூப அகதிகள் துப்பாக்கியோடு பயிற்சியில் இருந்தார்கள். அவருக்குத் தயக்கம். அப்போது சி.ஐ.ஏ. தலைவர் ஆலன் டல்லஸ் எழுப்பிய கேள்வி: திட்டத்தைக் கைவிட்டால் இந்த ஆட்களை என்ன செய்வது? ஊர் ஊராகப் போய் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்களே! மிரட்டல் எதுவும் இல்லை. 'வேண்டாம்' என்று சொல்வதற்கான விலைதான் ஏறிவிட்டது. பதவியேற்று 87 நாளில், ஏப்ரல் 17 அன்று, சுமார் 1,400 பேர் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் எல்லாம் தோல்வியில் முடிந்துபோனது. பழியைக் கென்னடி ஏற்றுக்கொண்டார். அந்த ஆண்டு இறுதிக்குள் டல்லஸ் பதவி விலகினார்.

எனக்கு இதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. பல வருஷம் அலுவலகத்தில் கோப்பு எழுதிய கை இது. மேலதிகாரி புதிதாக வந்தால் மூன்று யோசனைகளோடு குறிப்பு வைப்போம். முதலாவது பார்த்தாலே தப்பு, மூன்றாவதற்குப் பணம் இருக்காது. நடுவில் இருப்பதுதான் எங்களுக்கு வேண்டியது. கெடு முடிவதற்கு முதல் நாள் சாயங்காலம் 'மிக அவசரம்' சீட்டைக் குத்தி உள்ளே அனுப்புவோம். அவரும் யோசித்து முடிவெடுத்த திருப்தியோடு கையெழுத்துப் போடுவார். அந்த வகையில் நானும் ஒரு மறைமுக சக்திதான், சம்பளம் மட்டும் குறைவு!

இன்னொரு அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் 1919 அக்டோபரில் பக்கவாதத்தில் விழுந்தபோது, எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்பதை மனைவி ஈடித் தீர்மானித்தார். தான் எந்த முடிவும் எடுக்கவில்லை, எது முக்கியம், அதை எப்போது காட்டுவது என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டதாக அவர் பிற்பாடு எழுதினார். 'மட்டுமே'யாம்!

அப்படியானால் ரகசியக் கூட்டமே கிடையாதா என்றால், உண்டு. 1981-இல் இத்தாலியில் பி2 என்ற ரகசிய சங்கத்தின் தலைவர் லிச்சோ ஜெல்லியின் இடத்தைச் சோதனை போட்டபோது, அதன் உறுப்பினர் பட்டியல் சிக்கியது. அதில் 962 பெயர்கள். மந்திரிகள், ராணுவத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள் எல்லாம் இருந்தார்கள், அரசாங்கமே கவிழ்ந்தது. கவனியுங்கள், அங்கேயும் காட்டிக்கொடுத்தது ஒரு காகிதம்தான்.

அடுத்த முறை யாராவது இப்படி ஒரு நாவல் எழுதினால், புதுத் தலைவர் கோப்பை மூடிவைத்துவிட்டு, 'இதை வேண்டாமென்று யாராவது எழுதியிருப்பார்களே, அந்தக் குறிப்பு எங்கே?' என்று கேட்பதாக ஒரு காட்சி வைக்கச் சொல்லுங்கள். அறையில் யார் முதலில் தலையைக் குனிகிறார் என்று பார்க்கவே வாங்கிப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர்