மூன்றாவது மெடிக்கலும் காலாவதியாகும் முன் ஒரு பதில் தாருங்கள்

மதிப்புக்குரிய கனடா குடிவரவு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். துணைவரையும் பிள்ளைகளையும் இலங்கையிலிருந்து அழைக்கப் போடப்பட்ட ஸ்பொன்சர் விண்ணப்பங்களில் ஒரு பகுதி பாதுகாப்புச் சோதனையில் தேங்கி நிற்கிறது என்பது தங்கள் அதிகாரிகளுக்குத் தெரியும். ஆகவே முன்கதையை நீட்டவில்லை. மூன்றாவது தடவையாக மெடிக்கல் கேட்டு வந்த கடிதந்தான் இந்த மடலை எழுத வைத்தது.

வெளிநாட்டிலுள்ள துணைவருக்கான விண்ணப்பங்களில் 80 வீதத்தை 12 மாதத்துக்குள் முடிப்பதே தங்கள் திணைக்களம் தனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல். மிச்சம் 20 வீதத்துக்கு என்ன கணக்கு? அவர்களுக்கு எந்த எண்ணும் இல்லை. கேட்டால் வருவது ஒரே வரி: "பின்னணிச் சோதனை நடைபெறுகிறது." எம்.பி.யின் அலுவலகம் விசாரித்தாலும் அதே வரிதான். 5 டொலர் கட்டி ஜிசிஎம்எஸ் குறிப்பை, அதாவது தங்கள் கணினியில் எங்கள் கோப்பைப் பற்றிப் பதிந்திருப்பதை, எடுத்துப் பார்த்தால், தகுதி சரி, மெடிக்கல் சரி, குற்றப்பதிவு சரி, பாதுகாப்பு மட்டும் "நடைபெறுகிறது" என்றிருக்கும். பல மாதம் கழித்து மறுபடி எடுத்தாலும் அதில் ஒரு சொல் மாறியிருக்காது.

இந்த ஒரு வரி ஒரு வீட்டை என்ன செய்கிறது என்பதைத் தயவுசெய்து பாருங்கள். மெடிக்கல் 12 மாதம் மட்டுமே செல்லும். பாதுகாப்புச் சோதனை அதற்குள் முடியாவிட்டால் புதிய மெடிக்கலுக்குக் கடிதம் வரும், 30 நாளில் செய்ய வேண்டும். முல்லைத்தீவிலிருக்கும் தாய் இரண்டு பிள்ளைகளோடு இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, தங்கள் பட்டியலிலுள்ள வைத்தியரிடம் போகிறார். கடவுச்சீட்டும் கடிதத்திலுள்ள ஐஎம்ஈ எனும் மெடிக்கல் இலக்கமும் கையில் இருக்க வேண்டும். 15 வயதிலிருந்து இரத்தப் பரிசோதனை, 11 வயதிலிருந்து நெஞ்சு எக்ஸ்ரே. முதல் தடவை எக்ஸ்ரே தேவைப்படாத சின்னவனுக்கு இந்தத் தடவை தேவைப்படுகிறது. காத்திருப்பிலேயே அவனுக்கு வயது ஏறிவிட்டது. வைத்தியருக்குக் கட்டிய காசு திரும்பாது. பெறுபேறு நேரே தங்களிடம் போய்விடும். பிறகு மறுபடியும் அமைதி. அதற்குள் பொலிஸ் சான்றிதழ் பழசாகிவிட்டது என்று ஒரு கடிதம், அதை எடுத்து அனுப்பினால் கடவுச்சீட்டு முடியும் தறுவாயில். ஒன்றைப் புதுப்பிக்க மற்றது காலாவதியாகிறது. மூன்றும் ஒன்றாக உயிரோடிருக்கும் நாளில் கோப்பை எடுத்துப் பார்க்க ஓர் அதிகாரி இல்லை.

பாதுகாப்புச் சோதனை வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. பாதுகாப்புக் காரணத்துக்காக ஒருவரை மறுக்க, குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இருக்கிறது. போர் நடந்த மண்ணிலிருந்து வருபவரைக் கவனமாகப் பார்ப்பது தங்கள் கடமை. ஆனால் தொடங்கும் சோதனைக்கு ஒரு முடிவும் இருக்க வேண்டும். "ஆம்" என்றாலும் "இல்லை" என்றாலும் எழுத்தில் வரட்டும். "இல்லை" என்று எழுதித் தந்தால் மேன்முறையீடோ நீதிமன்றமோ, ஏதோ ஒரு வழியில் அதை எதிர்கொள்ளலாம். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் கோப்பை எதை வைத்து எதிர்கொள்வது?

ஆகவே பல குடும்பங்கள் சமஷ்டி நீதிமன்றம் போவதைப் பற்றி இப்போது சட்டத்தரணிகளோடு பேசிக்கொண்டிருக்கின்றன. மாண்டமஸ் என்றால் விசா கொடு என்ற கட்டளை அல்ல, முடிவு எடு என்ற கட்டளை என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். தாமதம் நியாயமற்றதா என்று பார்க்க அந்த நீதிமன்றத்தின் கொனில் வழக்கு வைத்த மூன்று கேள்விகளும் தெரியும்: இந்த வேலைக்கு இயல்பாகத் தேவைப்படும் காலத்தைத் தாமதம் தாண்டிவிட்டதா, தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணமா, திணைக்களம் தகுந்த விளக்கம் தந்ததா. அதனால்தான் கேட்ட பத்திரத்தை 30 நாளுக்குள் கொடுத்ததற்கான சான்று, முகவரி மாறியதை அறிவித்த திகதி, இடையில் பிறந்த குழந்தையைக் கோப்பில் சேர்த்த கடிதம், ஒவ்வொரு ஜிசிஎம்எஸ் பிரதியும் திகதி வரிசையில் அடுக்கப்படுகின்றன. "பாதுகாப்புச் சோதனை நடக்கிறது" என்று வெறுமனே சொல்வது தகுந்த விளக்கமாகாது என்று அந்த நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. முதலில் காலக்கெடு வைத்த கோரிக்கைக் கடிதம். பதில் இல்லையென்றால் அதே சட்டத்தின் 72ஆம் பிரிவின் கீழ், வழக்கை எடுக்கும்படி நீதிமன்றத்தின் அனுமதி கேட்கும் விண்ணப்பம், பதிவுக் கட்டணம் 50 டொலர்.

எங்களுக்கு மனம் கொதிப்பது இங்கேதான். வழக்குப் பதிந்து நீதி அமைச்சின் சட்டத்தரணி கோப்பைத் திறந்ததும், விசாரணைத் திகதி வரும் முன்னரே அசையும் கோப்புகள் உண்டு. அப்படியானால் அதுவரை அதை எது தடுத்தது? பதிவுக்கு 50 டொலர்தான், ஆனால் சட்டத்தரணிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். வென்றாலும் குடிவரவு வழக்குகளில் விசேட காரணம் இல்லாமல் செலவுத்தொகை கிடைக்காது. இரவில் தொழிற்சாலையிலும் பகலில் கோப்பிக் கடையிலும் நின்று கொழும்பு வாடகையையும் இங்கத்தைய வாடகையையும் சேர்த்துக் கட்டும் ஒருவர் அந்தக் காசுக்கு எங்கே போவார்? காசுள்ளவரின் மனைவி முதலில் வந்து சேர, இல்லாதவரின் மனைவி நான்காவது மெடிக்கலுக்குப் பஸ் ஏற வேண்டுமா? இந்த நாட்டின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு குடும்பங்கள் ஒன்றிணைவதையும் விரைவான பரிசீலனையையும் தன் நோக்கங்களாக எழுதி வைத்திருக்கிறது. அதைத்தான் கேட்கிறோம்.

தயவுசெய்து, 12 மாதம் தாண்டிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எழுத்தில் பதில் தாருங்கள்: எந்தச் சோதனை மிச்சம், அது யாரிடம் இருக்கிறது, எந்தத் திகதிக்குள் முடியும். பாதுகாப்புச் சோதனை முடியும் வரை புதிய மெடிக்கல் கேட்பதை நிறுத்தி வையுங்கள். முடிந்த பிறகு ஒரே தடவை கேளுங்கள். முடிவு எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள். 60 நாள் காத்திருக்கிறோம். அதன் பிறகு கோரிக்கைக் கடிதங்கள் சட்டத்தரணிகளின் கையொப்பத்துடன் வரும்.

பணிவன்புடன்,
காத்திருக்கும் குடும்பங்களின் சார்பில்