பேஜ்மேக்கர் சிடியை எங்கே தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் கணினிப் பக்கத்தில், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போடுவது பற்றிய கட்டுரையை வாசித்தேன். "விண்டோஸையும் ப்ரோகிராம்களையும் புதிதாகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை" என்று அதில் ஒரு வரி. எழுதியவர் நிபுணர் என்று பெயருக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். சரி, நிபுணராகவே இருக்கட்டும். அப்படிப் புதிதாகப் போட, அச்சுப் பக்கம் அமைக்கும் என்னுடைய பேஜ்மேக்கர் 7 மென்பொருளின் சிடியை இனி எந்தக் கடையில் வாங்கலாம் என்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அது 2001இல் வந்த சாமான்.

திருகோணமலையில் சிறிய டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கலியாணக் கார்ட், அந்தியேட்டிக்கு நினைவு மலர், திருவிழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில்தான். முந்தி ஒருதடவை இதே "வேறு வழியில்லை"யைச் சொன்ன கடையொன்றில் மெஷினைக் கொடுத்தேன். ஒரிஜினல் விண்டோஸை அழித்துவிட்டு கிராக் விண்டோஸைப் போட்டு, அதற்குக் காசும் வாங்கினார்கள். பாமினியைக் காணோம். பழைய மலர் ஒன்றுக்கு வேர்டில் அடித்து வைத்த தேவாரத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியும். அப்போதாவது சிடி கையில் இருந்தது. இப்போது அதுவும் கீறல் விழுந்து போய்விட்டது.

ஆகவே இம்முறை எவரையும் கேட்கவில்லை. புது எஸ்எஸ்டியை யூஎஸ்பி கேபிளில் கொளுவி, குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் (அச்சொட்டான பிரதி) எடுத்தேன். சி டிரைவை மட்டும் கொப்பி பண்ணினால் மெஷின் எழும்பாது. பூட் ஆவதற்கான சின்னப் பகுதி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் தனியாக இருக்கிறது. ப்ரோகிராம் போல்டரை இழுத்துப் போட்டாலும் வேலையில்லை, அவற்றின் பதிவுகள் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் பதிவேட்டில் கிடக்கின்றன. முழு டிஸ்க்காக எடுத்தால் எல்லாமே கூட வரும். புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்கவேண்டும், 500 ஜிபிக்குப் பதில் மலிவு என்று 480 வாங்கினால் தலையிடி. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் முதலில் நிறுத்த வேண்டும். முதல்தடவை ஒன் பண்ணும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். பேஜ்மேக்கரும் பாமினியும் இருந்த இடத்தில் இருக்கின்றன. புது லைசென்ஸ் வாங்கச் சொல்லியும் எழுதியிருந்தாரே, அதுவும் தேவைப்படவில்லை. விண்டோஸ் 10 லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கோடு அல்ல. 2025 ஒக்டோபர் 14உடன் அதற்கு ஆதரவு முடிந்தது என்று எழுதி ஊரையே பயமுறுத்தத் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

இதுவும் புதிதல்ல. 2022இல் ஒருநாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, கணினியை நீடூழி வாழவைக்க "எப்போதும் ஏசி அறையில் வையுங்கள்" என்று எழுதிய பக்கம்தானே இது. எந்தக் கணினிச் சாமான் என்றாலும் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கிடைக்கும் என்பீர்கள். எங்களுக்கு அது இரவு பஸ் எடுத்துப் போகிற தூரம் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கோணேசர் கோயில் படத்துக்குக் கீழே திருக்கேதீச்சரம் என்று போட்டபோது பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். அதைப் பிரசுரிக்க இடம் இருந்திருக்காது. ராசிபலனுக்கு முழுப் பக்கம் வேண்டுமே.

அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். அப்புறம், கணினிப் பக்கத்தைக் கடும் நீலத்தில் வெள்ளை எழுத்தாக அச்சடிப்பதை நிறுத்துங்கள். வாசிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.